அலிப்பூர் நடைபாதைகளும் அளவு நாடாவும்

கொல்கத்தா நகரின் வெப்பநிலை இவ்வளவு, மழை இவ்வளவு என்று செய்தித்தாள்களில் வெளிவருவன பெரும்பாலும் அந்நகரின் தென்பகுதியிலுள்ள அலிப்பூரில் அளக்கப்பட்டவையே. இந்திய வானிலைத் துறையின் அலுவலகம் அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியிலிருந்து இயங்கி வருகின்றது. அதே வட்டாரத்தில் தேசியச் சோதனைச்சாலை நெடுங்காலம் சிமெண்டையும் உலோகத்தையும் அழுத்தியும் இழுத்தும் பார்த்துத் தரம் கூறி வந்தது. 1952 முதல் அங்குள்ள அரசாங்க நாணயச்சாலையில் ஒவ்வொரு காசும் எடை தவறாமல் அடிக்கப்படுகின்றது. அளப்பதற்கே பெயர்பெற்ற இவ்வூரில், காலையில் வேலைக்கு நடந்து செல்பவன் காலடியிலுள்ள நடைபாதை மட்டும் அத்தகைய கவனத்துடன் அளக்கப்படுவதில்லை. இது அலிப்பூருக்கு மாத்திரம் உரிய குறையன்று. திருநெல்வேலிக்கும் திருச்சிக்கும் இது பொருந்தும். ஆயினும் அலிப்பூரை எடுத்துக்கொண்டு ஆராய்வது பல காரணங்களால் பயன் தருவதாகும்.

வெளியூரார் அலிப்பூரைச் செல்வர்களின் குடியிருப்பு என்று எண்ணுவது வழக்கம். நிழல் தரும் பெருமரங்கள், உயர்ந்த மதில்கள், அகன்ற தோட்டங்கள் இவையே முதலில் கண்ணிற் படுகின்றன. ஆனால் அம்மாளிகைகளில் வசிப்போர் வெளியே நடப்பது குறைவு. நடப்போர் வேறு வகையினர். அலிப்பூர் தெற்கு 24 பர்கனா மாவட்டத்தின் தலைமையிடமாதலால், நீதிமன்றங்களையும் அலுவலகங்களையும் நாடி கிராமத்து மக்கள் நாள்தோறும் வருகின்றனர். 1953-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் மௌலானா அபுல் கலாம் ஆசாத் திறந்து வைத்த பெல்வடேர் மாளிகைத் தேசிய நூலகத்திற்கு மாணவர் வருகின்றனர். 1876-இல் தொடங்கப்பெற்ற விலங்குக் காட்சிச்சாலைக்குக் குழந்தைகளுடன் குடும்பங்கள் வருகின்றன; கிறிஸ்துமஸ், ஆங்கிலப் புத்தாண்டு நாட்களில் இக்கூட்டம் பல பதினாயிரமாகப் பெருகும். இவர்களுக்கும் மேலாக, சேத்லாவிலிருந்தும் கிதிர்ப்பூரிலிருந்தும், மாஜேர்ஹாட் ரயில் நிலையத்தில் இறங்கியும், வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் நடந்து வருவோர் உள்ளனர். இவர்களே அலிப்பூர்ச் சாலைகளை நாள்தோறும் காலால் அளப்போர். இவர்களிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை.

நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுவே. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, பயிர்த்தொழிலும் குடிசைத்தொழிலும் அல்லாத பிற வேலை செய்வோரில் ஐவரில் ஒருவருக்கு மேற்பட்டோர் நடந்தே வேலைக்குச் சென்றனர். காரில் சென்றோரின் தொகை இதற்கு வெகுவாகக் குறைந்தது. சாலை விபத்துகளைப் பற்றி மத்திய அரசாங்கம் வெளியிட்ட அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உயிரிழந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள் என்று கூறுகின்றது. நாளொன்றுக்குச் சுமார் தொண்ணூறு பேர் என்றாகிறது. பெருநோய் ஒன்று இவ்வளவு பேரை நாள்தோறும் கொள்ளுமாயின், ஒவ்வொரு ஊரிலும் அதற்கென ஓர் ஏடு வைத்துக் கணக்கெழுதியிருப்பார்கள்.

ஊர்களை நடப்பதற்குத் தகுந்தவையாக்க வேண்டும் என்ற கருத்து இன்று புதிதன்று. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகளை நகர்த்துவது நோக்கமன்று, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று தெளிவாகவே அறிவித்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் பாதசாரிகளுக்கான விதிமுறைகளை 1988-இல் வகுத்து, 2012-இல் திருத்தி வெளியிட்டது. கொள்கையும் உண்டு, விதியும் உண்டு. இல்லாதது, அவ்விதிகளைத் தெருவில் வைத்துப் பார்க்கத்தக்க எளிய துணைக்கருவி. பொறியியலார்க்கென எழுதப்பட்ட விலைநூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. வண்ணப்படங்கள் நிறைந்த கையேடுகள் சில வந்துள்ளன. அவற்றைப் புரட்டிப் பார்த்தால் வேறொரு நாட்டின் நேரான தெருவும், கரையில் ஒரு பூச்செடியும், சைக்கிளில் செல்லும் ஒரு பெண்ணும் காணப்படுகின்றனர். நம் தெருவில் உள்ள மின்மாற்றிப் பெட்டியை என் செய்வது என்பதற்கு அவற்றில் விடையில்லை.

துணைக்கருவி எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை நிச்சயிக்கு முன்னர், இதுவரை கையாளப்பட்ட அளவுகோல் ஒன்றைச் சற்று ஆராய்தல் நலம். 2008-ஆம் ஆண்டில் மத்திய நகர வளர்ச்சி அமைச்சகத்திற்காக முப்பது நகரங்களில் நடத்தப்பெற்ற ஆராய்ச்சியில், ஒவ்வொரு நகருக்கும் ‘நடைத்தகுதி எண்’ ஒன்று கணக்கிடப்பட்டது. சண்டிகர் 0.91, தில்லி 0.87, மும்பாய் 0.85, கொல்கத்தா 0.81, சென்னை 0.77 என்பன போன்ற எண்கள் அதில் காணப்பட்டன. முப்பது நகரங்களின் சராசரி 0.52 மாத்திரமே. கொல்கத்தா முன்வரிசையில் நின்றது கண்டு சிலர் மகிழ்ந்தனர். ஆனால் அவ்வெண் பிறந்த விதம் யாது? முக்கியச் சாலைகளின் நீளத்தில் எவ்வளவு பங்கிற்கு நடைபாதை உண்டு என்பது ஒரு பாதி. பாதசாரிகளுக்குள்ள வசதிகளைப் பற்றிய மதிப்பீடு மற்றொரு பாதி. நடைபாதை இருக்கின்றதா என்பதே முதற் பாதியின் கேள்வியாதலால், பழைய திட்டப்படி அமைந்த கல்கத்தாவின் சாலைகள் அதில் எளிதில் தேறிவிட்டன. அந்நடைபாதையின் மீது இன்று நடக்க இடமுண்டா என்ற கேள்வி இரண்டாம் பாதியினுள் அடங்கி, ஒரே எண்ணில் கரைந்து போயிற்று.

நகரம் முழுவதற்கும் ஒரே எண் என்பது அரசாங்க அறிக்கைக்கு அழகு தரலாம். தெருவைச் செப்பனிட முனைவோர்க்கு அது உதவாது. காய்ச்சல் கண்டவன் கையில் ‘உடல்நலம் நூற்றுக்கு எண்பத்தொன்று’ என்று எழுதிக் கொடுத்தால் அவன் எந்த மருந்தை உண்பான்? நாடு முழுவதும் ஊர்களை வரிசைப்படுத்தும் ஆசை, கள ஊழியர் கையிலுள்ள நோட்டுப் புத்தகத்தைக் கெடுத்துவிடும் என்பதில் ஐயமில்லை. எந்தத் தெருவில், எந்த வீட்டெண்ணுக்கு எதிரில், எத்தனை சென்டிமீட்டர் குறைகின்றது என்று கூறும் குறிப்பே பயன்படத்தக்கது.

சாலைக் காங்கிரஸின் விதி இவ்விடத்தில் நல்ல வழிகாட்டியாகும். அது நடைபாதையை மூன்று பட்டைகளாகப் பிரிக்கின்றது. சுவரையோ கடையையோ ஒட்டிய முதற் பட்டை, கடை முகப்பில் நிற்போர்க்கும் படிகளுக்கும் உரியது. தார்ச்சாலையை ஒட்டிய பட்டை மரம், விளக்குக் கம்பம், குப்பைத்தொட்டி, பேருந்து நிறுத்தம் முதலியவற்றிற்குரியது. இவ்விரண்டிற்கும் இடையே உள்ளதே நடப்பதற்குரியது. அங்கு எதுவும் குறுக்கிடலாகாது. குடியிருப்புப் பகுதியில் இதன் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது. தலைக்கு மேல் 2.2 மீட்டர் வரை கிளையோ பலகையோ தொங்கலாகாது. கடைவீதிகளில் இன்னும் அதிக அகலம் வேண்டும். 1.8 மீட்டர் என்பது எங்கிருந்து வந்தது? இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று உரசாமல் கடந்து செல்ல அவ்வளவு தேவைப்படுகின்றது. குழந்தையை இடுப்பிலும் பையைக் கையிலும் கொண்ட தாய், எதிரே வரும் முதியவருக்கு வழி விடவும் ஏறக்குறைய அதுவே தேவை. நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேற்படலாகாது என்றும் விதியுண்டு. சாலையை ஒவ்வொரு முறையும் தார் போட்டு உயர்த்தி, பின்னர் அதற்கேற்ப நடைபாதையையும் உயர்த்தும் வழக்கத்தால், முழங்கால் உயரத்திற்கு எழும்பிய நடைபாதைகள் நம் ஊர்களில் பல உண்டு. முழங்கால் நோவுடைய கிழவர் அதில் ஏறாமல் வண்டிகளுக்கிடையே நடப்பதைக் கண்டு அவரைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, சராசரி அகலத்தால் பயனில்லை என்பதே. நூறு மீட்டர் நீளத்தில் தொண்ணூற்றெட்டு மீட்டர் அகலமாயிருந்து, எஞ்சிய இரண்டு மீட்டரில் மின்பெட்டியொன்று நிற்குமானால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த நூறு மீட்டரும் இல்லாததற்கு ஒப்பாகும். ஆகவே அளக்க வேண்டியது மிகக் குறுகிய இடத்தையே.

அலிப்பூரில் மற்றொரு சிக்கலும் உண்டு. அது நடைபாதையின் குறையன்று, மதிலின் குறை. விலங்குக் காட்சிச்சாலை சுமார் 46 ஏக்கர். பெல்வடேர்த் தோட்டம் சுமார் 30 ஏக்கர். இவற்றைத் தவிர ராணுவ மருத்துவமனை, சிறைச்சாலை, 1820-இல் வில்லியம் கேரி நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் எனப் பெருவளாகங்கள் பல. முப்பது ஏக்கர் நிலம் சதுரமாயிருப்பதாகக் கொண்டால் அதன் பக்கம் ஏறக்குறைய 350 மீட்டர். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நேராகச் செல்ல 490 மீட்டர். மதிலைச் சுற்றிச் செல்ல 700 மீட்டர். ஒரே ஒரு வாயில், அதுவும் அப்புறத்தில் இருக்குமானால், சுற்று இன்னும் நீளும். இக்கணக்கைப் பள்ளி மாணவனும் செய்யலாம். வளாகத்தின் உள்ளே பொதுவழி விடுவது எல்லாவிடத்தும் கூடுவதன்று. சிறைக்குள் எவரும் வழி கேட்கப் போவதில்லை. ஆயினும் நூலகம், தோட்டம், அலுவலகம் போன்றவற்றில் இரண்டாவது வாயிலொன்றைப் பகல்வேளையிலேனும் திறந்து வைப்பது, நடைமேம்பாலம் கட்டுவதைவிட மலிவானது. நம் மாவட்டங்களிலுள்ள ஆட்சியர் அலுவலக வளாகங்களையும் கல்லூரிகளையும் இக்கண்கொண்டு நோக்கலாம். பூட்டுக்குச் செலவழித்த பணத்தால் ஓர் ஊரின் நடைதூரம் கூடிவிடுவதை எந்தத் திட்ட அறிக்கையும் குறிப்பதில்லை.

நீண்ட மதிலோரம் நடப்பதில் தூரத்தைவிடப் பெரிய துன்பம் ஒன்றுண்டு. அங்கே கடையில்லை, தண்ணீரில்லை, இருட்டிய பின்னர்க் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க ஆளில்லை. வேலை முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு, தடையேதுமில்லாத அகன்ற நடைபாதையைவிட, தேநீர்க் கடை விளக்கெரியும் குறுகிய பாதையே பாதுகாப்பாகத் தோன்றும். ஆதலால் அகலத்தை மட்டும் அளக்கும் குறிப்பேடு அரைகுறையானதே.

இதிலிருந்து நடைபாதை வியாபாரிகளைப் பற்றிய கேள்வி எழுகின்றது. கொல்கத்தாவில் இது பழைய வழக்கு. 1996-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ‘சூரிய ஒளி நடவடிக்கை’ என்னும் பொருள்படும் பெயரிட்டு, பல சாலைகளிலிருந்து வியாபாரிகள் ஒரே இரவில் அகற்றப்பட்டனர். நாளடைவில் அவர்கள் திரும்பி வந்தனர்; வேறெங்கு செல்வார்கள்? 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், ஊர்தோறும் விற்பனைக் குழு அமைக்க வேண்டும் என்றும், அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இடம்பெற வேண்டும் என்றும் விதித்தது. நடைபாதையில் மூன்றில் ஒரு பங்கு வியாபாரத்திற்கு, மூன்றில் இரு பங்கு நடப்போர்க்கு என்பது கொல்கத்தாவில் பின்பற்ற முயலும் விதி. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கின்றது. ஆனால் மூன்று மீட்டர் அகலமுள்ள பாதையில் மூன்றில் இரண்டு என்பது இரண்டு மீட்டர், நடக்கப் போதும். ஒன்றரை மீட்டர் பாதையில் அதுவே ஒரு மீட்டர். அங்கு விதியை எழுத்துக்கெழுத்து நிறைவேற்றினாலும் சக்கர நாற்காலிகள் எதிரெதிரே செல்ல முடியாது. பங்கு கூறுவதைவிட, நடப்பதற்கு இத்தனை மீட்டர் முதலில், எஞ்சியது பிறவற்றிற்கு என்று வகுப்பதே பொருத்தமாகும்.

மேலும், குறுக்கே நிற்பது எது என்று நேர்மையாக எண்ணிப் பார்த்தால், வியாபாரியின் கூடை ஒன்றென்றால், நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளும், மாளிகை வாயிலுக்கென வெட்டிச் சரிவாக்கிய பாதையும், காவற்கூண்டும், விளம்பரக் கம்பமும் பலவாகலாம். கூடையை எண்ணிப் பிறவற்றை எண்ணாது விடும் கணக்கு அறிவியல் கணக்காகாது. ஏழை செய்யும் இடையூறு கண்ணிற் படுவதும், செல்வர் செய்யும் இடையூறு கண்ணிற்குப் பழகிப் போவதும் இயல்பு. குறிப்பேட்டில் எல்லாவற்றிற்கும் தனித்தனிக் கட்டம் அச்சிட்டிருந்தால்தான் இப்பழக்கம் தடைப்படும்.

வெப்பத்தைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் அலிப்பூரில் 43 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. அந்த வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெண்ணிறச் சட்டப் பெட்டியினுள், வெயில் படாமல், தரையிலிருந்து ஏறக்குறைய நான்கடி உயரத்தில், புல்தரைமேல் வைக்கப்பட்டிருக்கும். நடந்து செல்பவனுக்கு அப்பெட்டியும் இல்லை, புல்லும் இல்லை. காலடியில் தாரும் கல்லும், தலைமேல் வெயில். நான்கடி என்பது பள்ளிச் சிறுவனின் முக உயரம். நிழலில்லாத தெருவில் அவன் படுவது அறிவிக்கப்பட்ட எண்ணிற்கு மேற்பட்டதே. ஆகவே ஒவ்வொரு ஐம்பது மீட்டரிலும் நண்பகலில் நிழல் உண்டா, இல்லையா என்று குறித்தால் போதும். கருவி ஏதும் வேண்டியதில்லை. நடைபாதையை அகலப்படுத்துவதற்காக மரத்தை வெட்டும் திட்டங்களுக்கு இக்குறிப்பு தக்க விடையாகும்.

சாலையைக் கடப்பதே நடப்பவனுக்குப் பேரபாயம். இதனை எளிய கணக்கால் விளக்கலாம். பதினான்கு மீட்டர் அகலமுள்ள சாலையை, வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் நடப்பவர் கடக்க ஏறக்குறைய 12 வினாடி ஆகும். முதியவரும் குழந்தையும் வினாடிக்கு 0.9 மீட்டர்தான் நடப்பார்கள் எனின் 15½ வினாடி வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் அந்நேரத்தில் சுமார் 215 மீட்டர் வந்துவிடும். 30 கிலோமீட்டர் வேகமாயின் சுமார் 130 மீட்டர். 215 மீட்டருக்கு அப்பால் வரும் காரின் வேகத்தைக் கிழவியொருத்தி மதிப்பிட்டு அடியெடுத்து வைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. நடப்போரும் வண்டிகளும் கலந்து செல்லுமிடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருத்தல் வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய உலக நாடுகளின் மாநாடு அறிவித்ததன் பொருள் இக்கணக்கில் விளங்கும். சாலையின் நடுவே ஒதுங்கி நிற்க ஒரு திட்டு அமைந்தால், கடக்கும் தூரம் ஏழு ஏழாகப் பிரிந்து, ஒரே சமயத்தில் ஒரு திசையை மட்டும் நோக்கினால் போதும் என்றாகும்.

இனி, அளப்பது யார், எவ்வாறு என்பது. இதற்கு அலிப்பூரே ஒரு முன்மாதிரி தருகின்றது. பின்னர் இந்தியப் புள்ளியியலின் தந்தை எனப் போற்றப்பட்ட பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ், 1922 முதல் 1926 வரை அலிப்பூர் வானிலை ஆய்வகத்தின் பொறுப்பை வகித்தார். 1922-இல் வடவங்கத்தில் பெருவெள்ளம் வந்தபோது, நீரைத் தேக்கி வைக்கப் பெருஞ்செலவில் தேக்கங்கள் கட்ட வேண்டும் என்று வல்லுநர்கள் கருதினர். அவர் ஐம்பது ஆண்டுகளின் மழைக்கணக்கையும் வெள்ளக்கணக்கையும் எடுத்து ஆராய்ந்து, தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். கட்டுவதற்கு முன் கணக்குப் பார்த்தல் என்பது இன்று மேம்பாலங்களின் விஷயத்திலும் வேண்டப்படுவதே.

அதைவிட முக்கியமானது, வங்காளத்துச் சணற்பயிர்க் கணிப்புகளில் அவர் கையாண்ட முறை. எல்லா வயல்களையும் அளக்கப் புகாமல், சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அவற்றைக் கவனமாக அளந்தார். ஒரே பரப்பிற்கு இரண்டு தனித்தனிக் குழுக்களை அனுப்பி, ஒருவர் கணக்கை மற்றவர் அறியாதவாறு அளக்கச் செய்து, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டினால் பிழையின் அளவை அறிந்தார். களப்பணியில் உழன்றோர் இம்முறையின் அருமையை நன்கறிவர். பயிர் அறுத்து எடை பார்க்கும் சோதனைகளில் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது: சிறு துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டால், ஊழியர் தம்மையறியாமலே எல்லையோரச் செடிகளையும் உள்ளே சேர்த்துவிடுவர், விளைச்சல் மிகையாகத் தோன்றும். நடைபாதையை அளக்கும்போதும் இதே தவறு நேரும். ஓரக்கல்லின் அகலத்தையும், சாக்கடை மூடியையும், சரிந்த விளிம்பையும் சேர்த்து நாடாவைப் பிடித்தால், 1.5 மீட்டர் பாதை 1.8 மீட்டராகிவிடும். கால் முழுமையாகப் பதியத்தக்க இடத்திலிருந்து அத்தகைய இடம் வரை என்று குறிப்பேட்டில் முதல் வரியிலேயே எழுத வேண்டும். படமும் போட வேண்டும்.

அலிப்பூரை எடுத்துக்கொண்டால், எல்லாத் தெருக்களையும் அளக்கப் புறப்படுவது வீண் முயற்சி. பள்ளி, ரயில் நிலையம், நீதிமன்றம், மருத்துவமனை, சந்தை ஆகிய ஐந்து இடங்களிலிருந்தும் பத்து நிமிட நடைதூரத்திற்குட்பட்ட தெருக்களில் சிலவற்றைக் குலுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு குழுக்கள் வெவ்வேறு நாட்களில் அளப்பது போதும். கருவிகளுக்குப் பெருஞ்செலவில்லை. ஐந்து மீட்டர் நாடா, சுண்ணக்கட்டி, கைக்கடிகாரம், பழைய தள்ளுவண்டி ஒன்று. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் சென்றவர், எத்தனை இடத்தில் தூக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணினால், அது பொறியாளரின் அறிக்கைக்குச் சற்றும் குறைந்ததன்று. நீண்ட தூரத்திற்கு அடிக்கணக்கே போதும்: பள்ளி முற்றத்தில் இருபது மீட்டர் குறித்து, ஒவ்வொரு மாணவனும் அதை எத்தனை அடியில் கடக்கின்றான் என்று முதலில் அறிந்துகொள்ளட்டும். ஒன்று மட்டும் கண்டிப்பாக விலக்கத்தக்கது. சாலையின் அகலத்தை அளக்க மாணவரைச் சாலையில் இறக்கலாகாது. அந்த அளவை ஊராட்சி வரைபடத்திலிருந்து பெறலாம்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே பளு மிகுதி என்பர் சிலர். அது உண்மையே. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், மக்கள் தொகைக் கணக்கு, பேரிடர் உதவி, தேர்தல் ஆகியவை தவிரக் கல்விக்குப் புறம்பான பணிகளில் ஆசிரியரை ஈடுபடுத்தலாகாது என்று தடுக்கின்றது. தடுப்பது நன்றே. ஆதலின் இதை ஆணையிட்டுச் சுமத்தும் வேலையாக்கினால் சட்டத்திற்கும் ஒவ்வாது, கணக்கும் பொய்க்கும். சராசரிக்கும் மிகக் குறைந்த அளவிற்கும் உள்ள வேறுபாடு, வேகம், தூரம், காலம், அளவுப் பிழை இவை அனைத்தும் பாடத்தில் உள்ளனவே. புத்தகத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வரும் கணக்கைப் போடும் மாணவன், தன் பள்ளி வாயிலில் சாலையைக் கடக்க ஆகும் நேரத்தை அளந்து போடுவதில் பாடம் கெடுவதில்லை. விருப்பமுள்ள ஆசிரியர் பாடமாக நடத்துக. சட்டபூர்வமான அளவையைக் கள ஊழியர் செய்க. இரண்டும் தனித்தனியே நடந்தால், மகலனோபிஸ் வேண்டிய இரட்டைக் கணக்கும் தானே கிட்டிவிடும்.

அளந்த கணக்கைக் கேட்பார் யார் என்ற ஐயம் முன்பு நியாயமாக இருந்தது. இப்போது அவ்வாறில்லை. சாலைப் பாதுகாப்பை வேண்டிக் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ வல்லுநர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பல ஆண்டுகளாக நடந்து வந்தது. முறிந்த எலும்புகளைப் பொருத்திப் பொருத்தி, அவை முறியுமிடத்திற்கே சென்று கேட்டாற்போன்றது அம்மனு. அவ்வழக்கில் 2025-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், தடையற்ற நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் விதி காக்கும் வாழ்வுரிமையில் அடங்கியது என்றும், மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கவாறு அது அமைதல் வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறி, மாநிலங்கள் வழிகாட்டும் நெறிகளை வகுக்க வேண்டும் எனப் பணித்தது. உரிமை என்று ஆனபின், அது எங்கே மறுக்கப்படுகின்றது என்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்று தெருப்பெயரும் சென்டிமீட்டரும் கொண்டதாகவே இருக்க முடியும்.

சென்னை இதில் ஒருவாறு முன்சென்றது. 2014-இல் அதன் மாநகராட்சி, நடப்போர்க்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரிய போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் நூற்றுக்கு அறுபது பங்கை அதற்கு ஒதுக்குவதாக அறிவித்தது. இந்திய நகரங்களில் இதுவே முதல் என்பர். 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. பண்டிகைக் காலத்தில் அங்கு குழந்தைகளோடு உலாவும் குடும்பங்களைக் காண்போர் அதனைக் குறை கூற மாட்டார்கள். ஆனால் பாண்டி பஜார் ஒரு கடைவீதி. வியாசர்பாடியிலோ தண்டையார்ப்பேட்டையிலோ உள்ள சந்திலிருந்து பள்ளிக்குச் செல்லும் சிறுமியின் பாதை அதனால் அகன்றுவிடவில்லை. ஒரு பெருந்தெருவை அழகுபடுத்தும் பணத்தால் நூறு சிறுதெருக்களின் குறுகிய இடங்களை மட்டும் விடுவிக்க முடியுமா என்று பார்க்க, மீண்டும் அந்தக் குறுகிய இடங்களின் பட்டியலே தேவைப்படுகின்றது.

கையேட்டை முதலில் ஆயிரக்கணக்கில் அச்சிட்டு வழங்குவதும் தவறு. இருபது படிகளை வங்காளியிலும் தமிழிலும் உருட்டச்சில் எடுத்து, அலிப்பூரில் ஒரு தெருவிலும் தமிழ்நாட்டில் ஒரு தெருவிலும் பயன்படுத்திப் பார்த்து, எந்தக் கேள்வியை இரு குழுக்களும் வெவ்வேறாகப் புரிந்துகொண்டன என்று கண்டு, அக்கேள்வியைத் திருத்தி எழுதுவதே முறை. ‘நடைபாதை நல்ல நிலையில் உள்ளதா?’ போன்ற கேள்விகள் முதலிலேயே தள்ளுண்டு போகும். ‘உடைந்த கற்பலகை எத்தனை?’ என்பது நிலைக்கும். கொல்கத்தா மாநகராட்சியில் 144 வட்டங்களும் அவற்றைத் தொகுத்த 16 பிரிவு அலுவலகங்களும் உள்ளன. நிரப்பிய தாளில் ஒரு படி பிரிவு அலுவலகத்திற்கும், ஒரு படி விற்பனைக் குழுவிற்கும், ஒரு படி பள்ளிச் சுவருக்கும் செல்லட்டும். சுவரில் ஒட்டிய படியே மற்ற இரண்டையும் தூங்கவொட்டாது செய்யும்.

எந்த நாளில் அளப்பது என்பதையும் முன்னரே குறிக்க வேண்டும். விலங்குக் காட்சிச்சாலை நிரம்பி வழியும் புத்தாண்டு நாள் தகாது. சாதாரணச் செவ்வாய்க்கிழமையே தகும். ஆடி மாதத்து மழை பெய்து ஒரு மணி நேரம் சென்றபின் ஒரு முறை சென்று, நீர் தேங்கிய இடங்களில் சுண்ணக்கட்டியால் கோடிடலாம். துர்க்கா பூஜைக்கு ஒரு மாதம் முன்பும், பூஜை முடிந்து ஒரு மாதம் பின்பும் மறுபடி அளக்க வேண்டும். சேத்லாவிலும் நியூ அலிப்பூரிலும் எழும் பெரும்பந்தல்களுக்காகத் தரையில் தோண்டிய மூங்கிற்குழிகள், பந்தல் பிரிந்த பின்னரும் எத்தனை நாட்கள் மூடப்படாமல் இருக்கின்றன என்பதற்கு அக்குறிப்பேட்டில் தனியே ஒரு கட்டம் விடுவது நன்று.